வீட்டு உத்தரங்களையும் களஞ்சிய மரங்களையும் வருஷந்தோறும் பரிசோதித்தல்

நிலத்தில் நிற்கும் பயிரை நாடோறும் சுற்றிப் பார்க்கும் குடியானவர், தம் தலைக்கு மேலிருக்கும் உத்தரத்தை வருஷத்துக்கு ஒரு முறையேனும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பயிரில் நோய் கண்டால் இலை வாடிக் காட்டும். மாட்டுக்கு நோய் கண்டால் தீனி எடுக்காது நின்று காட்டும். மரமோ அவ்விதம் உடனே காட்டிக்கொள்வதில்லை. மேற்புறம் வர்ணத்துடன் பளபளப்பாக இருக்கையிலேயே உள்ளே கறையான் தின்று வெறும் தோடாய் நிற்கக் கூடும். ஆகையால் மரத்தை நாமாகவே தேடிச் சென்று பார்த்தல் அவசியமாகிறது. அங்ஙனம் பார்ப்பது எவ்வாறு, எப்போது, எவற்றைக் கண்டால் அஞ்சவேண்டும், எவற்றைக் கண்டால் அஞ்சவேண்டுவதில்லை என்னும் விஷயங்களைச் செட்டிநாட்டுப் பகுதியை முன்னிட்டு இங்கே விளக்குவோம். இதில் கூறப்படுபவை ஓட்டு வீடு, மாட்டுத் தொழுவம், நெல் பத்தாயம், ஊர்ச் சாவடி ஆகிய எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

செட்டிநாட்டு மரத்தின் வரலாறு

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை முதலிய ஊர்களிலுள்ள பெரிய வீடுகளில் மிகுதியானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் எழுந்தவை. 1852-இல் கீழ் பர்மாவும் 1885-இல் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் வசமான பின், நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே லேவாதேவித் தொழிலைப் பெருக்கினர். 1930-ஆம் வருஷத்தை ஒட்டி ஏற்பட்ட விலை வீழ்ச்சியில் கடன் வசூலாகாமற் போக, அடமான நிலங்களே அவர்கள் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் சுமார் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அவர்கள் நிலம், 1937-ஐ ஒட்டி நூற்றுக்கு 25 பங்காயிற்று. அந்நாட்டுத் தேக்கு கடல் வழியே வந்து முகப்புத் தூணாகவும், பட்டாலை உத்தரமாகவும், நிலைவாசலாகவும், மச்சுப் பலகையாகவும் அமைந்தது.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் இவ்வுறவு அறுந்தது. சொத்துக்களும் பின்னர்க் கைவிட்டுப் போயின. அன்று வந்த மரத்தைப் போன்ற மரம் இன்று எளிதில் கிடைப்பதன்று. மியன்மார் ஸர்க்கார் 2014-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் அறுக்காத மரங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதையே தடை செய்துவிட்டனர். அதே வருஷத்தில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம் பெற்றன. ஆகவே ஓர் உத்தரம் கெட்டுப் போயின் போவது மரம் மாத்திரமன்று. மீண்டும் வாங்க முடியாத ஒரு பொருளாம்.

இவ்வீடுகளில் பல, வருஷத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும், மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலும் இருக்கின்றனர். கல்யாணத்துக்கும் சாந்திக்கும் படைப்புக்குமே கதவு திறக்கப்படுகிறது. மரத்துக்கு ஆபத்தான இரண்டு காரியங்களும் இதில் ஒருங்கே நேர்கின்றன. பூட்டிய வீட்டில் கூரை ஒழுக்கும் கறையானும் யாரும் பாராமலே வேலை செய்கின்றன. பின்னர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஜனங்கள் அவ்வீட்டு மாடியில் ஏறி நிற்கின்றனர். மரம் மிகவும் தளர்ந்திருக்கும் நாளும் அதன் மேல் பாரம் மிகும் நாளும் ஒன்றாய்ச் சேர்வதே நாம் அஞ்ச வேண்டிய சம்பவம்.

வெளிநாட்டு அனுபவங்கள் இரண்டு

ஜெர்மனி தேசத்தில் பாட் ரைகன்ஹால் என்னும் ஊரில் பனித்தரை விளையாட்டு மண்டபம் ஒன்றின் மரக்கூரை, 2006-ஆம் வருஷம் ஜனவரி 2-ஆம் தேதி பனிப் பாரத்தால் இடிந்து விழ, 15 பேர் மாண்டனர். உத்தரங்களை ஒட்டிய பசை ஈரம் தாங்காத வகையைச் சேர்ந்தது. பல வருஷம் ஈரம் பட்டதில் அப்பசை வலுவிழந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி நகரில் 2015-ஆம் வருஷம் ஜூன் 16-ஆம் தேதி பிறந்தநாள் விருந்தொன்றின்போது மரத்தாலான மேல்மாடி முகப்பு ஒடிந்து 6 பேர் இறந்தனர். 7 பேர் காயமடைந்தனர். அக்கட்டிடம் கட்டிப் பத்து வருஷங்கூட ஆகவில்லை. சட்டங்களுக்குள் தங்கிய நீரால் மரம் உளுத்திருந்தது. இதன் பின் அம்மாகாணத்தில் 2018-இல் சட்டம் இயற்றி, பல குடும்பங்கள் வசிக்கும் கட்டிடங்களின் மர முகப்புகளை 6 வருஷத்துக்கொரு முறை பரிசோதிக்க வேண்டுமென விதித்தனர்.

இவ்விரண்டிலும் மரத்தைக் கெடுத்தது ஈரம். இரண்டிலும் அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. மரத்தின் வயது இதற்குக் காரணமன்று. ஈரம் படாத தேக்கு நூறு வருஷம் நிற்கும். ஈரம் தேங்கிய மரம் பத்து வருஷத்தில் விழும்.

மரத்தின் பகைகள்

முதற்பகை ஈரம். மரத்தைச் சிதைக்கும் பூஞ்சாளங்கள் மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழிருப்பின் வளரமாட்டா. ஆகவே மரத்தை உலர்வாய் வைத்திருப்பதே எல்லா மருந்துகளிலும் மேலான மருந்து. ஈரத்தைக் கணக்கிடுவதில் நெல்லுக்கும் மரத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நெல்லின் ஈரத்தை ஈர எடையின் மேல் கணக்கிடுவோம். மரத்தின் ஈரத்தையோ உலர்ந்த எடையின் மேல் கணக்கிடுவார்கள். 60 கிராம் எடையுள்ள மரத்துண்டை 103 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் எடை மாறாத வரையில் உலர்த்தி, அது 50 கிராமாய் நின்றால், போன நீர் 10 கிராம். அதாவது மரக்கணக்கில் நூற்றுக்கு 20 பங்கு. அதே எடைகளை நெல் கணக்கில் எழுதினால் நூற்றுக்கு 16.7 பங்கே ஆகும். இரண்டு முள் பதிக்கும் மின்சார ஈரமானி இப்போது கடைகளில் கிடைக்கிறது. அது மரத்தை அறுக்காமலே ஈரத்தைக் காட்டும்.

இரண்டாம் பகை கறையான். நம் பக்கத்துக் கறையான்களில் பெரும்பான்மை தரையிலிருந்து மண்கூடு கட்டிக்கொண்டு ஏறுபவை. அவற்றுக்கு மண்ணின் ஈரம் வேண்டும். தேக்கின் வைரத்திலுள்ள எண்ணெய்ப் பொருள்கள் கறையானை விலக்கும். ஆனால் வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதிக்கு அந்தச் சக்தி இல்லை. ‘தேக்குதானே, செல் அரிக்காது’ என்று கூறுவது வைரத்துக்கு மாத்திரமே பொருந்தும். தரைத் தொடர்பின்றி மரத்திலேயே குடியிருக்கும் கறையானும் ஒன்றுண்டு. அது கசகசா போன்ற சிறு மணிகளைக் கீழே உதிர்க்கும்.

மூன்றாம் பகை உளு வண்டு. இது ஊசி நுழையும் அளவில் வட்டத் துளை இட்டு, மாவு போன்ற தூளைச் சொரியும். மாவுச் சத்து மிகுந்த வெள்ளைப் பகுதியையும் மூங்கிலையும் இது விரும்பும். கூரையில் மூங்கில் வரிச்சு உடையோர் இதனைக் கவனிக்க வேண்டும். பனங்கைகளில் முதிர்ந்த பனையின் புறப்பகுதியே உறுதியானது. உள்ளிருக்கும் சோற்றுப் பகுதி சீக்கிரம் அழியும்.

நான்காவது பாரமும் காலமும். மரம் நெடுநாள் பாரம் தாங்கினால் மெல்ல மெல்லத் தொய்யும். பாரம் ஏற்றிய அன்று கண்ட தொய்வு பல வருஷங்களில் இரட்டிப்பதும் உண்டு. ஓர் அளவு வரையில் இது இயல்பு. திடீரெனத் தொய்வு மிகுந்தால் அது அபாயக் குறி.

பரிசோதனைக்கு வேண்டிய கருவிகள்

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு கைவிளக்கு, சாக்குத் தைக்கும் கோணூசி, சிறு மரச் சுத்தி, தூக்குக் குண்டு, மெல்லிய நைலான் கயிறு, ஒரே கனமுள்ள இரண்டு கட்டைத் துண்டுகள், அளவுகோல், பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். அநுபவமுள்ள தச்சரை உடன் வைத்துக்கொள்வது நலம்.

முதலில் வீட்டின் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் இலக்கமிட்டு நோட்டுப் புத்தகத்தில் ஒரு படம் வரைந்துகொள்ள வேண்டும். பின்வரும் சோதனைகளை ஒவ்வொரு மரத்துக்கும் செய்து தேதியுடன் எழுதுக.

1. கண்ணால் பார்த்தல். ஓடு மாறிய இடம், கூரைத் தண்ணீர்த் தொட்டி சேருமிடம், வளவைச் சூழ்ந்த தாழ்வாரம், அடுப்படி, குளியலறைச் சுவர் ஆகியவற்றின் அருகிலுள்ள மரங்களை முதலில் பார்க்க. கறுத்த கறை, வெண்ணிறப் பூஞ்சாளம், மண்கூடு, தூள் இவற்றில் எது கண்டாலும் குறிக்க. மண்கூட்டில் ஓர் அங்குலம் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அது மீண்டும் அடைக்கப்பட்டிருப்பின் கறையான் உயிருடன் வேலை செய்கிறதென அறியலாம். அடைக்கப்படாவிடினும் கறையான் ஒழிந்ததென்று முடிவு செய்யலாகாது. வேறு வழியாய் ஏறியிருக்கக் கூடும்.

2. தட்டிப் பார்த்தல். நல்ல மரம் கணீரென்னும். உள் அரித்த மரம் பொத்தென்னும். அடியிலிருந்து நுனி வரையில் அரை அடிக்கு ஒரு முறை தட்டிக்கொண்டு போனால் ஓசை மாறுமிடம் தானே தெரியும்.

3. குத்திப் பார்த்தல். கண்ணுக்குத் தெரியாத மூலையில் கோணூசியைக் கையால் அழுத்துக. நல்ல தேக்கில் ஊசி முனை சிறிதே பதியும். உளுத்த மரத்தில் வெண்ணெயிற் போல இறங்கும். உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழையுமிடத்தை இவ்விதம் அவசியம் பார்க்கவேண்டும். சுவருக்குள் காற்றோட்டமில்லை, சுவரின் ஈரம் முழுவதும் அம்முனையையே சாரும். நடுவில் கல்லைப் போலிருக்கும் உத்தரம் முனையில் மண்ணாய்ப் போயிருப்பது அபூர்வமன்று. தூணின் அடியையும் அப்படியே சோதிக்க. பழைய தச்சர்கள் மரத்தூணைக் கல் பீடத்தின் மேல் நிறுத்தியது தரை ஈரம் ஏறாதிருக்கவே. பின்னால் தரையை உயர்த்தி அப்பீடத்தை மூடிவிட்ட வீடுகளில் தூணடி விரைவில் கெடும்.

4. தொய்வு அளத்தல். உத்தரத்தின் இரு முனைகளிலும் அடிப்புறத்தில் 3 அங்குலக் கட்டைத் துண்டுகளை வைத்து, அவற்றின் அடியில் கயிற்றை விறைப்பாய் இழுத்துக் கட்டுக. நடுவில் கயிற்றுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க. 2¼ அங்குலம் இருந்தால் தொய்வு ¾ அங்குலம். இடைவெளியின் நீளத்தில் 240-இல் ஒரு பங்கு வரையில் தொய்வைப் பொதுவாய் அனுமதிப்பர். அதாவது 10 அடி நீளத்துக்கு அரை அங்குலம். 20 அடிக்கு ஓர் அங்குலம். பழைய மரம் இதற்கு மேல் தொய்ந்து பல வருஷமாய் அசையாமல் நிற்பதும் உண்டு. ஆகவே ஒரு முறை எடுத்த அளவை விட, சென்ற வருஷத்து அளவுக்கும் இவ்வருஷத்து அளவுக்குமுள்ள வித்தியாசமே முக்கியம்.

5. வெடிப்பைக் கவனித்தல். மரத்தின் ரேகையோடு நீளவாட்டில் ஓடும் காய்ச்சல் வெடிப்பு மரம் உலர்கையில் உண்டாவது. பெரும்பாலும் அதனால் தீங்கில்லை. ரேகைக்குக் குறுக்கே ஓடும் வெடிப்பும், சரிவாய் ஓடி விளிம்பில் முடியும் வெடிப்பும், உத்தரத்தின் அடிப்புற நடுவில் நார் நாராய்ப் பிரியும் முறிவும் அபாயமானவை. வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவிட்டால், அது வளர்கிறதா என்பது அடுத்த முறை தெரிந்துவிடும்.

6. இரும்பைப் பார்த்தல். ஆணி, போல்ட்டு, பட்டை ஆகியவை துருவேறியிருந்தால் அவ்விடத்து மரம் ஈரமாயிருக்கிறதென்று பொருள். காரைக்குடியிலேயே 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோகங்களின் அரிமானத்தைப் பல காலமாய் ஆராய்ந்து வருகிறது. துரு இரும்பை மெலிவிப்பதோடு தன்னைச் சுற்றிய மரத்தையும் கெடுக்கும்.

பாரக் கணக்கு

செவ்வகச் சட்டத்தின் பலம் அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8 அங்குல உயரமுள்ள உத்தரத்தில் கறையான் 2 அங்குலம் தின்று 6 அங்குலம் நின்றால், நூற்றுக்கு 25 பங்கு பலம் குறைந்ததென்று பலரும் எண்ணுவர். உண்மையில் நிற்கும் பலம் நூற்றுக்கு 56 பங்கே. வளைவைத் தாங்கும் விறைப்போ 42 பங்கே. மரத்தில் கால் பங்கு போனால் பலத்தில் ஏறக்குறைய பாதி போகிறது.

இனி மேலே வைக்கும் பாரத்தைப் பார்ப்போம். இந்திய தர நிர்ணய விதிப்படி வீட்டு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பாரம் கணக்கிடுவர். அதாவது சதுர அடிக்கு 19 கிலோ வரை. ஜனங்கள் நெருங்கிக் கூடும் மண்டபத்துக்கோ சதுர மீட்டருக்கு 500 கிலோ, சதுர அடிக்குச் சுமார் 46 கிலோ, கணக்கிட வேண்டும். ஒரு கன அடி நெல் ஏறக்குறைய 16 கிலோ. ஆகவே மச்சில் 3 அடி உயரம் நெல்லைக் குவித்தால் சதுர அடிக்கு 48 கிலோ ஏறுகிறது. அறைக்கு விதித்த பாரத்தைப் போல் இரண்டரை மடங்காம் இது. கல்யாணக் கூட்டமும் 3 அடி நெற்குவியலும் உத்தரத்துக்கு ஒன்றே. பரிசோதியாத மச்சில் இரண்டையும் ஏற்றலாகாது. நெல் மூட்டைகளைத் தரைத்தளத்தில், மரக்கட்டைகளின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குவதே பத்திரம்.

எப்போது பார்ப்பது

நம் பகுதிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக் காற்றினால் கிடைக்கிறது. புரட்டாசியில் ஓடு மாற்றி, தூம்புகளிலுள்ள சருகையும் அரச மரக் கன்றுகளையும் அகற்றவேண்டும். கார்த்திகையில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒரு முறை வீட்டினுள் நடந்து ஒழுக்கைக் குறிக்க வேண்டும். வெயிலில் ஒழுக்கைக் கண்டுபிடிப்பது கடினம். மாசியில் மரங்கள் உலர்ந்தபின் மேற்சொன்ன முழுப் பரிசோதனையும் செய்க. விசேஷம் நடக்கவிருக்கும் வீட்டில் அதற்கு இரண்டு மாதம் முன்னரே இன்னொரு முறை செய்க. பந்தற்கால் நட்ட பின்பு பார்த்தால் செப்பனிட அவகாசமிராது.

செய்யத்தக்கவையும் தகாதவையும்

ஈரத்தின் மூலத்தை அடைக்காமல் மரத்தை மாற்றுவது வீண் செலவு. முதலில் கூரை, பின்பு சுவர், அதன் பின்பே மரம். சந்தேகமுள்ள உத்தரத்துக்கு உடனே முட்டுக் கொடுக்க. ஆனால் அம்முட்டு உறுதியான தரையில் நிற்கவேண்டும். மேல்மாடி உத்தரத்துக்குக் கொடுத்த முட்டு கீழ் மச்சின் நடுவில் நின்றால் பாரம் இடம் மாறிற்றேயன்றிக் குறையவில்லை. முனை மாத்திரம் கெட்ட உத்தரத்தை முழுதும் எடுத்தெறியாமல், கெட்ட பகுதியை அறுத்து நல்ல மரத்தால் ஒட்டுப் போடுவதோ இரும்புத் தகடு சேர்ப்பதோ இயலும். இதன் அளவை இஞ்சினீயர் நிர்ணயிக்க வேண்டும்.

சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவரின் மேல் சிமெண்டு பூசுதல் தகாது. சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உத்தர முனைக்கே செல்லும். ஈரமான மரத்தின் மேல் எண்ணெய் வர்ணம் அடிப்பதும் அத்தகையதே. பூட்டிய வீட்டின் ஜன்னல்களை மாதம் இருமுறையாவது திறந்து காற்றாட வைக்கவேண்டும்.

மருந்துகளைப் பற்றி ஒரு சொல். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் ஸொண்டி காமேசம் என்பவர் 1933-இல் செம்பு, குரோமியம், பாஷாணம் ஆகியவை சேர்ந்த மரக்காப்பு மருந்தைக் கண்டார். உலகமெங்கும் கம்பங்களுக்கும் வேலிக்கால்களுக்கும் அது பயன்பட்டது. ஆனால் அதில் பாஷாணம் இருப்பதால் வீட்டுக்குள்ளும், பத்தாயத்திலும், மாட்டுத் தீனித் தொட்டியிலும் அம்மரத்தை உபயோகித்தல் கூடாது. அதை அடுப்பில் எரித்தலும் அச்சாம்பலை வயலில் இடுதலும் ஆகா. முற்காலத்தில் கறையானுக்கு ஊற்றிய ஆல்டிரின் நம் தேசத்தில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய டப்பா எங்கேனும் கிடந்தால் உபயோகிக்க வேண்டாம். கறையான் மருந்தை உரிமம் பெற்றவர்களைக் கொண்டே இடுக. கிணற்றின் அருகில் இடலாகாது.

தேக்கு உத்தரத்தில் உட்சிதைவு எவ்வளவென்று கோணூசியால் தெரியாத போது, மெல்லிய ஊசித் துரப்பணத்தால் துளைத்து எதிர்ப்பை வரைபடமாய்க் காட்டும் கருவியும், மரத்தினூடே ஒலி செல்லும் வேகத்தை அளக்கும் கருவியும் இஞ்சினீயர்களிடம் உண்டு. பெரிய வீட்டுக்கும் பொதுக் கட்டிடத்துக்கும் இச்செலவு தகும்.

பங்காளிகளுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும்

இருபது பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் உத்தரத்தைப் பார்ப்பது எவர் கடமை என்பதே பெரும் இடர். எல்லோருக்கும் உரியது ஒருவருக்கும் உரியதன்று ஆகிவிடுகிறது. படைப்புக்கு எல்லோரும் கூடும் நாளில், அவ்வருஷத்துக்கு ஒருவரைப் பொறுப்பாளராய் நியமித்து, மேற்கண்ட நோட்டுப் புத்தகத்தை அவரிடம் ஒப்புவித்து, செப்பனிடும் செலவைப் பங்குப்படி பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஒரு தலைமுறை எழுதிய அளவுகள் அடுத்த தலைமுறைக்குப் பத்திரத்தைப் போன்ற சொத்தாகும். கணக்கெழுதுவதில் பேர் பெற்ற இந்நாட்டில் மரத்துக்கும் ஒரு பேரேடு வைப்பது பாரமாகாது.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் தம் எல்லையிலுள்ள சாவடி, பழைய பள்ளிக் கூரை, சமுதாயக் கூடம் ஆகியவற்றை மழைக்கு முன் இதே முறையில் பார்வையிடலாம். ஊர்த் தேரும் ஒரு மரக் கட்டிடமே. அதன் அச்சையும் சக்கரங்களையும் சட்டங்களையும் வடம் பிடிக்கும் நாளுக்கு வெகு முன்னரே பரிசோதித்தல் வேண்டும். தெருவை ஒட்டிச் சாயும் பூட்டிய வீட்டைக் கண்டால், பங்காளிகளுக்கு எழுத்து மூலம் அறிவித்து, அவ்விடத்தில் குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாதபடி வேலியிடுதல் தகும்.

ஒரு வீட்டை முழுதும் பார்க்க ஒரு தச்சருடன் ஒரு நாள் போதும். இவ்வருஷம் மாசியில் அந்த ஒரு நாளை ஒதுக்கி, முதல் அளவை எழுதி வைப்பீர்களானால், வரும் வருஷம் உங்கள் உத்தரம் எந்நிலையில் நிற்கிறதென்று அதனிடமே கேட்டு அறிந்துகொள்ளலாம்.